‘ட’வுக்கு ‘டப்பா’வா?

தமிழ்ப் பிள்ளைக்கு இற்றை நாளில் முதலாசிரியர் யார்? தாயா? தந்தையா? தொடக்கப் பள்ளி ஆசிரியரா? மூவரும் அல்லர்! உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிப் பலகை ஒன்றே முதலாசிரியர். சோறூட்டும் தாய் கைப்பேசியைப் பிள்ளையின் முன் சாய்த்து வைக்கின்றாள். பிள்ளை திரையைப் பார்த்தபடியே வாயைத் திறக்கின்றது. சோறு உள்ளே போகின்றது. திரையில் குதிக்கும் கரடிக்குட்டி கூவுகின்ற ‘ரெட்’டும் ‘புளூ’வும் அதனொடு சேர்ந்தே உள்ளே போகின்றன. சிவப்பு என்றும் நீலம் என்றும் சொற்கள் இருப்பதை அப்பிள்ளை ஈராண்டு கழித்துப் பள்ளிக்கூடத்தில் அயல்மொழிச் சொற்களைக் கற்பதுபோல் கற்கின்றது.

இதற்காகக் கைப்பேசியை நொந்து பயனில்லை. பொறிக்குத் தாய்மொழி கிடையாது. எந்த மொழியைப் புகட்டினாலும் அந்த மொழியைத் திருப்பிச் சொல்லும். கணினி விளையாட்டால் பிள்ளைகள் எதையேனும் கற்பார்களா என்பதும் புதிய வினா அன்று. அரை நூற்றாண்டாக ஆய்ந்து பார்க்கப்பட்ட வினா அது. இன்று கேட்க வேண்டிய வினா வேறு. தமிழ்ப் பிள்ளைக்கென்று விளையாட்டை வரைகின்றவன் தமிழின் எழுத்தமைப்பையும் எண்ணமைப்பையும் அறிந்து வரைகின்றானா? அன்றி, ஆங்கிலப் பிள்ளையின் உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தமிழ்ப் பிள்ளையின் தலைவழியே திணிக்கின்றானா?

‘தமிழ் எழுத்து விளையாட்டு’ என்னும் பெயரோடு உலவுகின்ற செயலிகளுட் பல இரண்டாம் வகையின. அவற்றின் எலும்பு ஆங்கிலம். தமிழ் வெறும் மேற்பூச்சு.

ஆங்கில எழுத்து விளையாட்டின் அமைப்பு எளிது. எழுத்துகள் 26. ஒவ்வோர் எழுத்துக்கும் அவ்வெழுத்தில் தொடங்கும் பொருளொன்றின் படம். எழுத்தைத் தொட்டால் படம் துள்ளும். படத்தைத் தொட்டால் பெயர் ஒலிக்கும். ஆங்கிலத்திற்கு அது பெரும்பாலும் பொருந்தும். (அங்கும் ‘எக்சு’ என்னும் எழுத்துக்குப் படம் தேடி அவர்கள் படும் பாடு தனி!) அந்த அமைப்பை அப்படியே தூக்கிவந்து தமிழில் வைத்தால் என்ன ஆகின்றது? உயிரெழுத்து வரை இடர் இல்லை. அணில், ஆடு, இலை, ஈ என்று ஆட்டம் ஓடுகின்றது. மெய்வரிசையில் கால் வைத்தவுடன் குப்புற விழுகின்றது.

ஏனெனில், தமிழ்ச் சொல்லுக்கு எந்த எழுத்து முதலில் வரலாம், எது வரலாகாது என்று தொல்காப்பியம் வரம்பு கட்டியிருக்கின்றது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. இவ்வரம்பை அறியாத வரைவாளன் என்ன செய்கின்றான்? ‘ட’வுக்கு டப்பா! ‘ர’வுக்கு ரயில்! ‘ல’வுக்கு லாரி! தமிழெழுத்தைக் கற்பிக்க வந்த ஆட்டம் தமிழல்லாத சொற்களைத் தேடிப் பொறுக்கிவந்து, அவற்றையே அவ்வெழுத்தின் அடையாளமாகப் பிள்ளையின் நாவில் வைக்கின்றது. இரவலுக்கும் ஓர் எல்லை உண்டன்றோ? ண, ழ, ள, ற, ன என்னும் ஐந்துக்கு இரவலும் எளிதில் கிட்டாது. ழகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு எந்த மொழியிடம் போய்க் கையேந்துவது? ஆகவே அவ்விடம் வந்ததும் படமின்றி எழுத்தை மட்டும் சுழல விடுவர். அல்லது சந்தடியில்லாமல் அவ்வெழுத்தைத் தாண்டிப் போய்விடுவர். நன்னூலார் தமிழின் சிறப்பெழுத்துகளாக வகுத்தவற்றுள் ற, ன, ழ மூன்றும் உண்டு. தமிழுக்கே உரிய எழுத்துகள் தமிழ் விளையாட்டில் இடமற்று நிற்கின்றன!

இத்தனைக்கும் இச்சிக்கல் புதிதன்று, தீராததும் அன்று. தமிழ் அரிச்சுவடி அதனை என்றோ தீர்த்து வைத்திருக்கின்றது. கொக்கில் க், சங்கில் ங், பச்சையில் ச், இஞ்சியில் ஞ், பட்டத்தில் ட், கண்ணில் ண், யாழில் ழ், வாளில் ள், நாற்றில் ற், மீனில் ன். மெய்யைச் சொல்லின் நடுவிலும் ஈற்றிலும் காட்டுவது தமிழின் வழி. இவ்வழியை ஏற்றுக்கொண்டால் விளையாட்டின் வடிவமே மாறிவிடும். துள்ளும் படமட்டைக்கு அங்கே வேலையில்லை. ‘யாழ்’ என்று ஒரு குரல் ஒலிக்கும். ‘ழ்’ எங்கே கேட்டது? முதலிலா, நடுவிலா, ஈற்றிலா? மூன்று கூடைகள் இருக்கும். உரிய கூடையில் பிள்ளை சொல்லை இடும். அப்பொழுது அது படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதில்லை. சொல்லைப் பிரித்து உள்ளிருக்கும் ஒலியைக் கேட்கின்றது. படிக்கக் கற்பதற்கு அடிப்படை இந்த ஒலியுணர்வே. ஆங்கிலப் பூச்சு விளையாட்டில் இஃது இல்லை. தமிழ் அரிச்சுவடியின் ஒரு பக்கத்தில் இருக்கின்றது.

இன்னும் ஒன்று. ஆங்கிலச் சொல்லாக்க ஆட்டத்தில் ஒலிக்கின்ற ஒழுங்கிலேயே எழுத்துகளை இடமிருந்து வலமாக இழுத்து வைப்பர். தமிழில் ‘கெ’ என்னும் எழுத்தில் ககரம் முன்னே ஒலிக்கின்றது, எகரம் பின்னே ஒலிக்கின்றது. ஆனால் எகரத்தின் குறியாகிய கொம்பு ககரத்திற்கு இடப்பக்கம் நிற்கின்றது. ‘கொ’விலோ கொம்பு ஒருபுறம், கால் மறுபுறம், நடுவில் ககரம். ஒலிவரிசையும் வரிவடிவ வரிசையும் இங்கே வேறு வேறு. பிள்ளை தடுமாறும் இடம் இதுதான். ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது எந்தக் கோட்டை முதலில் இழுக்கின்றார் என்று பிள்ளை உற்றுப் பார்ப்பதும் இதற்காகத்தான். ஆங்கில அமைப்பில் இத்தடுமாற்றத்திற்கு இடமேயில்லை; ஆகவே அதற்கு விடையும் இல்லை. தமிழறிந்தவன் வரைந்தால் 18 மெய்யும் 12 உயிரும் சேர்ந்து 216 உயிர்மெய் பிறக்கின்ற முறையையே ஆட்டமாக்குவான். மெய்யும் உயிரும் இருபுறமிருந்து வரும், இரண்டும் கூடும், கொம்பு இடப்பக்கம் ஓடிப்போய் நிற்கும். பத்துமுறை கண்ட பிள்ளை பதினோராம் முறை தானே கூட்டும். 247 எழுத்து என்று அஞ்சுகின்றவர்கள் அவ்வெண்ணிக்கைக்குப் பின்னே உள்ள கூட்டலைக் காணாதவர்கள். உகர ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவது உண்மை. அவற்றுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும். ஏனையவற்றுக்கு அடிப்படை எழுத்தும் குறியும் தெரிந்தால் போதும்.

எழுத்தெண்ணும் விளையாட்டுகளைப் பார்த்தாலோ சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ‘கொக்கு’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? கொ, க், கு என்று மூன்று விரலை மடக்கிக் காட்டும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை. ஆங்கிலக் கண்ணால் எழுதப்பட்ட கணினி நிரலோ ஆறு என்கின்றது! ஒருங்குறியில் ககரம் தனியாகவும் கொம்பும் காலும் சேர்ந்த குறி தனியாகவும் புள்ளி தனியாகவும் உகரக் குறி தனியாகவும் பதிவாகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினால் ஆறு வரும். மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆட்டத்தில் ஆறு கட்டங்களைத் திறந்து வைத்தால், ஒரு கட்டத்தில் ககரமும் அடுத்த கட்டத்தில் முண்டமற்ற தலைபோல் வெறும் புள்ளியும் தொங்கும். சரியாக மூன்றெனச் சொன்ன பிள்ளைக்குப் பொறி ‘தவறு’ என்று சிவப்பு விளக்கைக் காட்டும். பொறியின் அறியாமைக்குப் பிள்ளை தலைகுனிய வேண்டுமா?

இதற்கு ஒருங்குறியின்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள முயல்வோர் உளர். முழு எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தருகின்ற அனைத்து எழுத்துருக் குறியாக்கம் ஒன்றைத் தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. அதுவும் கிடக்கட்டும். ஒருங்குறியிலேயே குறியை அதன் எழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ணும்படி நிரல் எழுதுவது கடினமான வேலை அன்று. சில வரிகளில் முடியும். முடியாமையால் விடவில்லை, தமிழுக்கு இவ்வளவு போதும் என்னும் புறக்கணிப்பினால் விட்டனர்.

தமிழ் வரிவடிவத்திலேயே விளையாட்டு உறங்கிக் கிடப்பதை இவர்கள் காண்பதில்லை. ‘கல்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. ககரத்தின் பக்கத்தில் ஒரு துணைக்காலை இடுக. ‘கால்’ ஆகிவிடுகின்றது. திரையில் கல் ஒன்று கிடக்கின்றது; பிள்ளை ஒரு காலை இழுத்துவந்து ஒட்டுகின்றது; கல்லுக்குக் கால் முளைத்து எழுந்து நடக்கின்றது! குறியின் பெயரும் கால். வந்த சொல்லும் கால். இப்படியோர் ஆட்டத்தை ஆங்கிலத்தில் நினைத்துப் பார்க்கவும் இயலாது. பல்–பால், படு–பாடு, விடு–வீடு, குடை–கூடை, எடு–ஏடு, கொடி–கோடி, தொடு–தோடு என்று குறிலும் நெடிலும் மாறிப் பொருள் மாறும் இணைகள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. மழையில் விரித்த குடை, குறி நீண்டவுடன் கூடையாகிக் கவிழ்ந்து கிடக்கும். பிள்ளை சிரிக்கும். சிரித்துக்கொண்டே குறில் நெடில் வேறுபாட்டைக் கற்றுவிடும். ஒலிப்பு வேறுபாட்டுக்கும் இதே முறை உதவும். பல்லி–பள்ளி, கலை–களை–கழை, மனம்–மணம், அரை–அறை, இரை–இறை. ஆனால் இவற்றை ஒலிக்கின்ற குரல் தமிழ்க் குரலாக இருத்தல் வேண்டும். ழகரத்தைச் சொல்லத் தெரியாத குரலைக் கூலிக்கு அமர்த்தி, வாழையை ‘வாளை’ என்று சொல்ல வைத்துப் பிள்ளைகளின் காதில் ஊற்றுவது கற்பித்தல் அன்று, கெடுத்தல்.

‘குறியை மாற்றினால் பொருள் மாறுகின்றது’ என்னும் இவ்வமைப்பு, கற்கும் பொருளே ஆட்டத்தின் ஒழுங்காக அமைவதாகும். இது தமிழ்ப்பற்றினால் மட்டும் சொல்லப்படுவதன்று. ஆய்வினால் நிறுவப்பட்டதும் ஆகும். அமெரிக்காவில் தாமசு மலோன் என்பார் 1980இல், எது கணினி விளையாட்டை இன்பமாக்குகின்றது என்று ஆய்ந்தார். இலினாய்சுப் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ கணினி அமைப்பில் உருவான அம்பெய்யும் ஆட்டம் ஒன்றும் அவர் ஆய்ந்தவற்றுள் ஒன்று. எண்கோட்டின்மேல் பலூன்கள் இருக்கும். அவை இருக்கும் இடத்தைப் பின்னம் என்று இன்று வழங்கும் கீழ்வாய் எண்ணால் பிள்ளை சொல்ல வேண்டும். சொன்ன இடத்திற்கு அம்பு பாயும். குறி தவறினாலும் எவ்வளவு தவறியது என்பது கண்ணுக்குத் தெரியும். கணக்கு வேறு, ஆட்டம் வேறு என்று பிரிக்க முடியாத அமைப்பு அது. இன்னொன்றையும் அவர் கண்டார்: பலூன் வெடிப்பதைச் சிறுவர்கள் விரும்பினர், சிறுமியர் அதனை விரும்பவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்கே ஒரே சுவை இல்லையெனில், அங்கே வரைந்த ஆட்டம் உலகுக்கெல்லாம் பொருந்தும் என்று எந்த வாயால் சொல்வது?

பின்னர் இங்கிலாந்தில் ஆப்குட்டு, எயின்சுவொர்த்து என்னும் இருவர் 7 முதல் 11 அகவை வரையுள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மார்பில் எண் பொறித்த எலும்புக்கூடுகள் வரும். அவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணுக்குரிய படைக்கலத்தைத் தேர்ந்து வீழ்த்த வேண்டும். இது ஒரு வடிவம். மற்றொரு வடிவத்தில் எலும்புக்கூடுகளுக்கு எண் கிடையாது. ஆட்டத்தின் ஒரு கட்டம் முடிந்தபின் வகுத்தல் கணக்குகள் தனியே கேட்கப்படும். ஒரே கால அளவு ஆடியபோது முதல் வடிவத்தை ஆடியவர்களே மிகுதியாகக் கற்றனர். விருப்பப்படி ஆடலாம் என்று விட்டபோது அதனையே ஏழு மடங்குக்கு மேலான நேரம் ஆடினர். இன்று தமிழ்ப் பூச்சு விளையாட்டுகள் பலவும் எந்த வடிவம்? இரண்டாவதே! குரங்கு ஓடும், பொற்காசு சிதறும், நடுவில் ஒரு வினா குறுக்கே விழும். விடை சொன்னால் குரங்கு மீண்டும் ஓடும். மருந்துக்கு வெல்லம் பூசுகின்ற வேலை. பிள்ளை வெல்லத்தை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடுகின்றது. விடை சரியென்றால் பொறி ‘சூப்பர்’ என்று கத்துகின்றதே, ‘நன்று’ என்று சொல்ல அதன் நாக்கு கூசுகின்றதா?

எண்ணுக்கு வருவோம் என்றாலும் இதே நிலைதான். ஆங்கிலப் பிள்ளைக்குப் பதினொன்று முதல் பத்தொன்பது வரை பெரும் இடர்ப்பாடு. 11, 12 என்னும் எண்களின் ஆங்கிலப் பெயர்கள் பத்தைக் காட்டுவதில்லை. 13க்கு அவர்கள் மூன்றை முன்னும் பத்தைப் பின்னும் சொல்கின்றனர். ஆகவே ஆங்கில எண் விளையாட்டுகள் அவ்விடத்தில் பல படிகளை வைத்துப் பயிற்றுகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு அந்த நோய் இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று பெயரே பத்தை முன்னே வைத்துச் சொல்கின்றது. எழுதும் ஒழுங்கும் அதுவே. இல்லாத நோய்க்குத் தமிழ்ப் பிள்ளை ஏன் மருந்துண்ண வேண்டும்? அதற்கு உள்ள இடர் வேறு. 80 எண்பது, 800 எண்ணூறு. அவ்வொழுங்கில் 90 என்னவாக இருத்தல் வேண்டும்? ஆனால் 9 ஒன்பது, 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். ‘பது’ என்னும் ஒலி ஒற்றை இலக்கத்தில் வருகின்றது. ‘நூறு’ என்னும் ஒலி நூற்றுக்குக் குறைந்த எண்ணில் வருகின்றது. ‘ஆயிரம்’ என்னும் ஒலி ஆயிரத்தை எட்டாத எண்ணில் வருகின்றது. ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்னும் பழம்பெயர் இருந்தமையையும் இப்பெயர்கள் இடம் பெயர்ந்தமையையும் மொழிஞாயிறு பாவாணர் எழுதியிருக்கின்றார். அவ்வரலாறு பிள்ளைக்கு வேண்டா. தொண்ணூறு நூற்றுக்கு முன்னே நிற்கின்றது என்பதை எண்கோட்டில் கைவைத்து உணர்த்தும் ஓர் ஆட்டம் வேண்டும். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெடுத்த எந்த விளையாட்டிலும் அது கிடைக்காது. ஏனெனில் ஆங்கிலத்தில் அவ்விடர் இல்லை!

கீழ்வாய் எண்ணிலும் அப்படியே. கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து எண்சுவடி பாடிய மொழி இது. இன்றைய பிள்ளைக்கு மாகாணி தெரியாது. ஆனால் காற்படி, அரைப்பங்கு, முக்கால் மணி ஆகியவற்றை வீட்டிலே கேட்டே வளர்கின்றது. அம்பெய்யும் ஆட்டத்தைத் தமிழில் வரைகின்றவன் அச்சொற்களிலிருந்து தொடங்குவான்.

‘சரி, பல்லாங்குழியைத்தான் கைப்பேசியில் கொண்டுவந்துவிட்டோமே’ என்று சிலர் மார்தட்டுகின்றனர். பார்ப்போம் என்று திறந்தால், அங்கேயும் பொறி பிள்ளையின் வேலையைப் பிடுங்கிக்கொள்கின்றது. இருமருங்கும் ஏழேழாகப் பதினான்கு குழி. ஒரு குழியின் காய்களைக் கையில் அள்ளிய பிள்ளை, எத்தனை காய், எந்தக் குழியில் கை ஓயும், அடுத்த குழி வெறுங்குழியாக இருக்குமா என்று மனத்துக்குள் கூட்டியும் எண்ணியும் பார்க்கின்றது. பின்னரே ஒவ்வொன்றாக இடுகின்றது. பல்லாங்குழியின் கல்வி முழுதும் அந்த எண்ணத்திலும் அந்த விரலிலும் இருக்கின்றது. கைப்பேசி ஆட்டத்தில் குழியைத் தொட்டால் போதும். காய்கள் தாமே பறந்து தாமே விழுகின்றன. எண்ணிக்கையைத் திரையே காட்டிவிடுகின்றது. எண்ணியது யார்? பொறி! பிள்ளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் தமிழாக இருந்தால் மட்டும் விளையாட்டு தமிழ்ப் பிள்ளைக்கு உதவிவிடாது. கை எங்கே ஓயும் என்று முன்கூட்டிச் சொன்ன பிறகே காய்கள் நகரும்படி அமைத்திருந்தால் அது பாடமாகியிருக்கும். அந்தச் சிறு மாற்றம் செய்ய மனம் வரவில்லை.

தமிழன்பர் சிலரிடமும் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 247 எழுத்தையும் இன்னிசையோடு ஒப்பிக்க வைத்துவிட்டால் தமிழ் விளையாட்டு ஆகிவிடும் என்றும், மூவேந்தர் கொடிகளைத் திரையில் பறக்க விட்டால் தமிழ்க் கல்வி வளர்ந்துவிடும் என்றும் எண்ணுகின்றவர்கள் இருக்கின்றனர். ஒப்பித்த பிள்ளை ‘கூ’வைத் தனியே காட்டினால் விழிக்கும். தூய சொற்களால் செய்த கெட்ட விளையாட்டும் கெட்ட விளையாட்டே.

யார் வரைவது? இவ்வினாவுக்கு அமெரிக்க வரலாற்றிலேயே விடை இருக்கின்றது. உலகெங்கும் பேசப்படும் ‘ஓரிகன் வழித்தடம்’ என்னும் கல்வி விளையாட்டை 1971இல் மின்னியாபொலிசு நகரில் உருவாக்கியவர்கள் பெருவணிகர்கள் அல்லர். ஆசிரியப் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள். அவர்களுள் ஒருவராகிய தான் இராவிட்சு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்த வேண்டியிருந்தது. 1847இல் மாட்டுவண்டி பூட்டி மேற்கே சென்ற குடியேறிகளின் பயணத்தை அவர்கள் ஆட்டமாக்கினர். திரைகூட இல்லை, தொலைவரிப் பொறியில் தாளில் எழுத்து அச்சாகும். நிரல் அவ்வாண்டு இறுதியில் கணினியிலிருந்து அழிக்கப்பட்டது. தாளில் எஞ்சியிருந்த படியை வைத்து 1974இல் இராவிட்சு அதனை மீண்டும் தட்டச்சு செய்து ஏற்ற, மின்னசோட்டா மாநிலப் பள்ளிகளுக்கெல்லாம் அது பரவியது. அவர்கள் தம் மண்ணின் ஆறுகளையும் தம் முன்னோரின் வண்டிகளையும் வைத்தே வரைந்தனர். அந்நிலத்து முதற்குடிகள் அவ்வாட்டத்தை வரைந்திருப்பின் அது வேறோர் ஆட்டமாக இருந்திருக்கும் என்று பின்னாளில் எழுந்த குறையும் நேரியதே. வரைகின்றவன் கண் எதைக் காண்கின்றதோ அதுவே விளையாட்டில் இருக்கும்.

இனி, பொறிகளை வாங்கிக் குவிப்பதையே கல்வித் தொண்டாக எண்ணுவோர்க்கு வடோதராவின் செய்தி உதவும். குசராத்து அரசு 2000ஆம் ஆண்டில் அந்நகரின் 100 மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குப் பள்ளிக்கு நான்கு கணினி வழங்கியது. 2002இல் பார்த்தபோது அவற்றுள் மிகச்சிலவே தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் கைக்குச் சென்றிருந்தன. பின்னர் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் பொறுப்பேற்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினிக்கு இருவராக அமர்த்தி, கிழமைக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளை ஆட வைத்தது. மாநிலப் பாடத்தோடு ஒட்டிப் போகும்படி உள்ளூரில் செய்த ஆட்டங்களும் அவற்றுள் இருந்தன. பானர்சி, கோல், தபுலோ, இலிண்டன் ஆகிய ஆய்வர்கள் அளந்தபோது இரண்டாம் ஆண்டில் கணக்குத் தேர்ச்சி, திட்ட விலக்கம் என்னும் புள்ளியியல் அளவில் 0.47 உயர்ந்திருந்தது. கல்வி ஆய்வில் இது பெரிய உயர்வு. ஆட்டம் நின்று ஓராண்டு கழிந்தபின் அளந்தபோது அது 0.10 அளவுக்குத் தேய்ந்திருந்தது என்பதையும் மறைக்கலாகாது. தொடர்ந்து நீர் ஊற்றாத பயிர் வாடுவதில் வியப்பில்லை.

இலிண்டன் அதே குசராத்தில் பிறிதோர் ஆய்வும் செய்தார். ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட பள்ளிகளில் ஒரு பகுதியில், ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தனர். மற்றொரு பகுதியில் பள்ளி நேரத்திற்குப் புறம்பே கணினி வைத்தனர். ஆசிரியரை விலக்கிய இடத்தில் தேர்ச்சி 0.57 அளவு வீழ்ந்தது. ஆசிரியரோடு கூடுதலாக வைத்த இடத்தில் ஏறக்குறைய 0.28 உயர்ந்தது. ஒரே பொறி, ஒரே விளையாட்டு! ஆசிரியப் பணியிடங்களை நிரப்பாமல் திரையை மாட்டிவிட்டால் போதும் என்று கணக்குப் போடுகின்றவர்கள் இந்த இரண்டு எண்களையும் கண்முன் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இதற்குக் களம் இல்லாமற் போகவில்லை. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகிய பெயர்கள் வைத்திருக்கின்றனர். அண்மை ஆண்டுகளில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைத் திரைகளும் ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் வந்துள்ளன. 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம் மழலைக் கல்விப் பக்கங்களை அமைத்துப் பல்லாண்டுகள் ஆகின்றன. திரை இருக்கின்றது, திட்டம் இருக்கின்றது. திரையில் ஓட வேண்டிய ஆட்டத்தை மட்டும் சந்தையிடம் விட்டுவைத்தால், அரும்பு நிலைப் பிள்ளை மீண்டும் ‘டப்பா’விலேயே போய் விழும்.

‘ஆங்கிலம் வேண்டாவா? பிள்ளை பிழைக்க வேண்டாவா?’ என்று உடனே கேட்கத் தொடங்குவர். ஆங்கிலத்தை ஆங்கிலப் பாட நேரத்தில் ஆங்கில விளையாட்டாலேயே கற்பிக்கட்டும், யார் தடுத்தார்? தமிழ் கற்கும் நேரத்திலும் கணக்குக் கற்கும் நேரத்திலும் தமிழெலும்பு கொண்ட விளையாட்டு வேண்டும் என்பதே இங்கு வழக்கு. கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு மாலையில் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து எழுத்தைத் திருத்த நேரமில்லை. அப்பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே பற்றுக்கோடு. அங்கும் தவறான எழுத்தெண்ணிக்கையும் இரவற் சொல்லும் திரைவழியே வருமாயின், அது வேறெங்கே போய்த் தமிழைக் கற்கும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாம் வாய்ப்பு உண்டு, இதற்கு இல்லை.

தொடக்கம் பெரிதாக இருக்க வேண்டுவதில்லை. குறில் நெடில் இணைகள் இருபது; அவற்றுக்குப் படம் நாற்பது; ழகரம் பிறழாத ஆசிரியை ஒருவரின் குரல்; தமிழெழுத்தை எண்ணத் தெரிந்த நிரலாளர் ஒருவர். இணையம் இல்லாத ஊரிலும் பழைய கைப்பேசியிலும் அது ஓடுதல் வேண்டும். விளம்பரம் ஒன்றும் இருத்தல் கூடாது. நிரல் திறந்து கிடந்து வேறொரு பள்ளி ஆசிரியர் தம் ஊர்ச்சொல்லைச் சேர்க்க இடந்தரல் வேண்டும். மலேசியாவின் தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் 500க்கு மேல். ஈழத்துத் தமிழ்ப் பள்ளிகளும் உண்டு. அவற்றுக்கும் அது போய்ச் சேரும். முதலில் ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில், பொறிக்கு இருவராக அமர்த்தி ஆட விட்டு, எந்த இடத்தில் பிள்ளையின் விரல் தயங்குகின்றது என்று ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தயங்கிய இடத்தைத் திருத்தி மறு திங்கள் மீண்டும் கொணர வேண்டும். ‘ட்’டுக்கு உரிய படம் பட்டம்; வால் வைத்த பட்டமொன்றை வரைய ஓவியர்க்கு அரைநாள் பிடிக்கும்.